சும்மா இருந்த கை

வெள்ளிமுனைக் கடல்கதவை வடிவமைத்தவன் நான். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது என் பழக்கம். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால், சாம்பார் வருவதற்குள் பக்கத்து இலைக்காரருக்கு இந்த விஷயம் தெரிந்திருக்கும். என் மனைவி என் காலை மிதிப்பாள். நான் நிறுத்தியதில்லை. பெயர் உலகநாதன். பெயருக்கேற்ற தலைக்கனம் என்று அவளே சொல்வாள்.

கடல் ஏறிவிட்ட காலம் இது. வெள்ளிமுனையில் முப்பத்தோராயிரம் பேர் கடல்மட்டத்துக்குக் கீழேதான் சோறு பொங்குகிறார்கள். ஊருக்கும் கடலுக்கும் நடுவே ஒன்பது கிலோமீட்டர் சுவர். சுவரின் நடுவில் படகுகள் வந்துபோக ஒரு கதவு. புயல் வந்தால் மூட வேண்டும். மூட இருபது நிமிடம் ஆகும்.

முதலில் அந்தக் கதவை ஒரு இயந்திரமே பார்த்துக்கொண்டது. அலையின் உயரத்தை அளக்கும், மூடும். ஒரு வைகாசியில் அலை உயர்ந்ததும் அது மிகச் சரியாக மூடியது. நாற்பத்து மூன்று படகுகள் வெளியே நின்றன. உள்ளே வரமுடியாமல் சுவரில் மோதிச் செத்தவர்கள் பதினேழு பேர். அன்றிலிருந்து ஊர் ஒரே பிடியாக நின்றது: கதவில் மனிதக் கைதான் இருக்க வேண்டும்.

சுவரின் வடக்கு முனையில் ஒரு கோபுரம், தெற்கு முனையில் ஒரு கோபுரம், ஆளுக்கு ஒரு கைப்பிடி என்று முடிவானது. இரண்டு கைப்பிடியையும் எப்படி இணைப்பது என்பதில்தான் தகராறு. செயலர் அறையில் நடந்த பேச்சு எனக்கு இன்னும் அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது.

“ரெண்டு டவரும் சேர்ந்து சொன்னாத்தான் மூடும்னு வச்சிடலாமே?” என்றார் செயலர்.

“ஒரு டவர் புயல்ல விழுந்துட்டா கதவு மூடவே மூடாது சார்.”

“அப்ப ஏதாவது ஒண்ணு சொன்னா போதும்னு வைங்க.”

“ஒருத்தர் தப்பா மூடிட்டா இன்னொருத்தரால திறக்க முடியாது. போன தடவை மெஷின் செஞ்சதை இந்தத் தடவை மனுஷன் செய்வான்.”

“பின்னே என்னதான்யா செய்யச் சொல்றீங்க?”

“உங்க வீட்டு மாடிப்படில விளக்கு எரியுதே, அதைச் செய்யச் சொல்றேன். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். எதைத் தட்டினாலும் எரியும். எரிஞ்சா, எதைத் தட்டினாலும் அணையும். ரெண்டும் ஒரே பக்கம் இருந்தா விளக்கு இல்லை. ரெண்டும் மாறி இருந்தா விளக்கு உண்டு. தர்க்கத்துல இதுக்குப் பெரிய பேரு, விலக்கு அல்லது. ஒண்ணு மட்டும்னா ஆமாம். ரெண்டும் இல்லைன்னா இல்லை. ரெண்டும்னாலும் இல்லை.”

செயலர் இரண்டு விரலால் மேசையைத் தட்டிப் பார்த்தார். “ரெண்டு பேருமே ஒரே நேரத்துல தட்டிட்டா?”

“ஒண்ணை இன்னொண்ணு அடிச்சிடும், கதவு அசையாது. ஆனா நடுவுல போன் இருக்கே சார், பேசிக்குவாங்க” என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தெற்குக் கோபுரத்துக்கு வந்தவர் அமலோற்பவம். வீட்டு வயரிங் வேலை பார்த்தவர், ஐ.டி.ஐ. படிப்பு, ஐம்பதைத் தொடும் வயது. சேலைக்கு மேல் போட்ட சட்டையின் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். பொறியியல் படித்த நாலு பேரைத் தள்ளிவிட்டு இவரை எடுத்தது தேர்வுக் குழு. எனக்கு அதில் சம்மதம் இருக்கவில்லை. வடக்கில் இசக்கிமுத்து என்று ஒருவர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஒருவர் இறங்கி மறுமுனை போவதற்குள் அவர் கைப்பிடி அனாதையாகிவிடும். ஒருவர் விடுப்பில் இருந்தால் மற்றவர் கட்டாயம் பணியில் இருக்க வேண்டும். வீடுகளும் ஊரின் இரண்டு கோடியில்.

ஆனால் தினமும் காலை ஆறு மணிக்குப் பேசிக்கொண்டார்கள். சோதனை ஓட்டம். வடக்கு கைப்பிடியை மாற்றும், கதவு ஒரு சாண் நகரும். தெற்கு மாற்றும், கதவு பழைய இடத்துக்குப் போகும்.

“போட்டாச்சு, தெற்கு.”

“எடுத்தாச்சு, அண்ணாச்சி.”

அவ்வளவுதான். ஒன்பது வருடம், தினமும் இந்த நாலு வார்த்தை. நான் ஆய்வுக்குப் போன நாட்களில் இதைக் கேட்டுச் சலித்திருக்கிறேன். வேலை நேரத்தில் இவ்வளவு சுருக்கமாகப் பேசுகிறவர்கள் மந்தமானவர்கள் என்று குறிப்பேட்டில் எழுதியும் இருக்கிறேன்.

விதி ஒன்றும் இருந்தது, நான் எழுதியதுதான்: மூடுவதில் வடக்கு முதல் கை. தெற்கு மாற்றுக் கை. வடக்கால் முடியவில்லை என்றால் மட்டும் தெற்கு தொடலாம்.

அந்த ஐப்பசிப் புயலின்போது நான் தெற்குக் கோபுரத்தில் இருந்தேன். போயிருக்க வேண்டிய அவசியம் இல்லை. என் கதவு புயலைத் தடுப்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான். பிற்பகல் மூன்றரைக்குக் கடைசிப் படகு உள்ளே வந்தது. மூன்று ஐம்பத்தைந்துக்கு எங்கள் பக்கத்துக் கம்பம் சாய்ந்து போன் செத்தது. கதவு நகர்கிறதா இல்லையா என்று காட்டும் அம்பு விளக்கும் எங்கள் பக்கம் செத்தது. கைப்பிடியின் கம்பி மட்டும் மண்ணுக்கடியில் போனதால் அது உயிரோடு இருந்தது. மழையில் கதவு எங்கே, கடல் எங்கே என்று ஒன்றும் தெரியவில்லை.

அமலோற்பவம் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கையைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டார்.

“மூடியிருப்பாரா?” என்றேன்.

“மூடியிருப்பாவ.”

“எப்படித் தெரியும்?”

“தெரியாது சார். ஆனா போட்டிருப்பாவ.”

நாலு பத்துக்கு மழை கொஞ்சம் விலகியது, கதவு மட்டும் இன்னும் தெரியவில்லை. வடக்குக் கோபுரத்தின் உச்சி விளக்கு தெரிய வேண்டிய இடத்தில் இருட்டு. கோபுரம் விழுந்துவிட்டது, இசக்கிமுத்து போய்விட்டார், கதவு அகலத் திறந்து கிடக்கிறது, முப்பத்தோராயிரம் பேர். மனம் அந்த ஒரே பாதையில் ஓடியது.

“போடுங்க!” என்று கத்தினேன். “டவர் போச்சு, கைப்பிடியைப் போடுங்க!”

“விளக்குதான் போச்சு. ஆளு போவல.”

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்? ஊரே மூழ்கப்போகுதும்மா!”

“அவிய போட்டிருந்து நானும் போட்டா, அப்பத்தான் சார் மூழ்கும்.”

நான் கேட்கவில்லை. அவரைத் தோளால் தள்ளிவிட்டு, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தேன்.

ஆமாம், நான்தான். இந்தக் கதவை வடிவமைத்தவன். ‘ரெண்டும்னாலும் இல்லை’ என்று செயலருக்குப் பாடம் எடுத்தவன். நல்ல எண்ணத்தோடுதான் இழுத்தேன். இயந்திரத்துக்கு எண்ணம் தெரியாது, கைப்பிடிதான் தெரியும்.

அமலோற்பவம் எழுந்தார். என்னோடு மல்லுக்கட்டவில்லை. என் கைகள் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் என் முகத்துக்கு நேரே வந்து, சின்னப் பிள்ளையிடம் கேட்பது போலக் கேட்டார்.

“சார், ஒங்க வீட்டு மாடிப்படியில கீழ நீங்க, மேல ஒங்க வீட்டம்மா. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சுவிட்ச தட்டுனா என்ன ஆவும்?”

எனக்குப் பதில் தெரியும். உலகத்தில் என்னைவிட நன்றாக அந்தப் பதில் யாருக்கும் தெரியாது. என் விரல்கள்தான் அதைக் கேட்க மறுத்தன.

“சொல்லுங்க சார். என்ன ஆவும்?”

“இருட்டு” என்றேன். கை தளர்ந்தது.

அவர் கைப்பிடியை மேலே தள்ளினார். பிறகு ஸ்டூலை எடுத்துக் கைப்பிடிக்கு முன்னால் போட்டு, என் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்துகொண்டார், இனி நீ வந்து பார் என்பது போல. அடுத்த பத்து நிமிடம் நாங்கள் இருவரும் உள்பக்க நீர்மட்டக் கோலை மட்டும் பார்த்தோம். ஏறியது. இன்னும் ஏறியது. நாலு இருபத்திரண்டுக்கு நின்றது. கதவு மூடிவிட்டது. அமலோற்பவம் சிலுவை போட்டுக்கொண்டு, ஃபிளாஸ்கில் இருந்த ஆறிப்போன காபியை இரண்டு டம்ளரில் ஊற்றினார்.

ஊர் பிழைத்தது. ஆனால் கிடங்குத் தெருவில் முழங்காலளவு உப்புநீர் புகுந்துவிட்டது. அறுபத்திரண்டு வீடு, ஒரு தையல் கூடத்தின் பதினெட்டு மெஷின். உயிர்ச்சேதம் இல்லை. கதவு ஏன் தாமதமாக மூடியது என்று பதிவை எடுத்துப் பார்த்தார்கள். வடக்கு: மூன்று ஐம்பத்தெட்டுக்குப் போட்டது. தெற்கு: நாலு பன்னிரண்டுக்குக் கீழே, நாற்பது விநாடி கழித்து மேலே. அந்த நாற்பது விநாடி கதவு திரும்பித் திறந்துகொண்டு போயிருக்கிறது. கதவின் மோட்டார் இரண்டு முறை நின்று திசை மாறியதற்கும் சேர்த்து நாலு நிமிடம் வீண்.

பதிவில் கைப்பிடி இருக்கும், கை இருக்காது. தெற்குக் கைப்பிடி என்றால் அமலோற்பவம். ‘ஊரைத் திறந்துவிட்ட கை’ என்று செய்தி வந்தது. பணியிடை நீக்கம் செய்தார்கள், வழக்குப் போடலாமா என்று விசாரணை வைத்தார்கள். அவர் எழுதிக்கொடுத்த வாக்குமூலம் ஒரே வரி: தெற்கு டவரில் நடந்ததற்கு நானே பொறுப்பு.

நான் என்ன செய்தேன்? எனக்குப் பாராட்டு விழா நடந்தது. ஊரைக் காத்த கதவை உருவாக்கியவர் என்று பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்திக்கொண்டேன். பத்தொன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று படுத்தேன். அந்தப் பத்தொன்பது நாளில் பந்தியில் யாரிடமும் நான் யாரென்று சொல்லவில்லை. என் மனைவிதான் முதலில் கவனித்தாள். “ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா?” என்று கேட்டாள்.

இருபதாம் நாள் அமலோற்பவத்தைத் தேடிப் போனேன். பூச்சு வேலை முடியாத ஒரு வீட்டில் ஏணிமேல் நின்று கம்பி இழுத்துக்கொண்டிருந்தார். பழைய வேலைக்கே திரும்பிவிட்டிருந்தார்.

“எம் பேரை ஏன் சொல்லல?” என்றேன்.

அவர் இறங்கவில்லை. “எனக்குக் கோவம் இல்லன்னு நினைக்காதீய சார். நல்லாவே இருக்கு. எம் மவன் கல்லூரிக்குப் போவ மாட்டேங்கான், பசங்க கேலி பண்ணுதானுவளாம்.”

“அப்ப சொல்லியிருக்கலாமே.”

“அந்த லீவர் ஒன்பது வருசமா என் காவல்ல இருந்தது. அதுமேல இன்னொரு ஆளு கை விழுந்ததுன்னா அது எனக்குத்தான் கொறச்சல். அத வச்சு நான் தப்பிக்க மாட்டேன்.” கம்பியின் முனையைப் பல்லால் கடித்து உரித்துத் துப்பினார். “ஒங்க கை பட்டதச் சொல்ல வேண்டியது நீங்க. நான் சொன்னா அது புகாருல்லா?”

நான் அங்கேயே நின்றேன். அவர் சுவிட்சுப் பெட்டியில் கம்பியைத் திணித்துவிட்டு, “அந்தத் திருப்புளிய எடுங்க” என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

விசாரணை அதிகாரி ஷரீபா பேகம் ஓய்வுபெற்ற நீதிபதி. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஆளைப் பார்ப்பவர். கூடம் நிறைந்திருந்தது. கிடங்குத் தெரு ஜனங்கள் முன்வரிசையில் இருந்தார்கள். நிபுணர் என்ற முறையில் என்னைக் கூப்பிட்டார்கள்.

“மிஸ்டர் உலகநாதன், எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். தப்பு ஆபரேட்டர்மேலயா, மெஷின்மேலயா? ரெண்டுல எது?”

“ரெண்டும் இல்லைங்கம்மா.”

“மூணாவதா என்ன இருக்கு?”

“நான் இருக்கேன்.”

சொல்லிவிட்டேன். தள்ளியது, இழுத்தது, மாடிப்படிக் கேள்வி, இருட்டு என்ற பதில், பொன்னாடை, பத்தொன்பது நாள், எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல முதுகு நிமிர்ந்துகொண்டே வந்தது.

“கீழே இழுத்தது என் கை. மேலே தள்ளினது அவங்க கை. என்னோடது தப்பு, அவங்களோடது திருத்தம். அதுக்கு முன்னால பதினாலு நிமிஷம் அவங்க கை சும்மா இருந்ததே, அந்தக் கதவை மூடினதுல பாதி அதுதான். பதிவுல அது வரலை. சும்மா இருந்த கையைப் பதிவு பண்ண நான் ஒரு வழியும் செய்து வைக்கலை.”

கிடங்குத் தெருவிலிருந்து ஒருவர் எழுந்து என்னை ஒரு வார்த்தை திட்டினார். நியாயமான வார்த்தைதான், இங்கே எழுத முடியாது.

ஷரீபா பேகம் ஏதோ எழுதிக்கொண்டு, அடுத்த சாட்சியைக் கூப்பிட்டார். வடக்கு. இசக்கிமுத்து உள்ளே வந்தார். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது, ஒல்லியான ஆள். நெற்றியில் தையல் போட்ட தழும்பு. கோபுரத்தின் கண்ணாடி உடைந்து வெட்டியதாம். அமலோற்பவம் தன் இடத்தில் இருந்தபடி அவரை வாயைப் பிளந்து பார்த்தார். ஒன்பது வருடமாக அவர் அண்ணாச்சி என்று கூப்பிட்டது இந்தப் பொடியனைத்தான்.

“மூன்று ஐம்பத்தெட்டுக்குப் போட்டீங்க. அப்புறம்?” என்றார் அதிகாரி.

“போட்டுட்டு அம்பு வெளக்கப் பாத்துக்கிட்டு நின்னேன். உச்சி வெளக்கு போச்சு, அம்பு வெளக்கு எங்க பக்கம் எரிஞ்சிச்சு. கதவு மூடிக்கிட்டு வந்திச்சு.”

இது எனக்குப் புதிது. எங்கள் பக்கம் விளக்கு செத்தது தெரியும். வடக்கில் அது எரிந்துகொண்டிருந்ததை நான் யோசித்தே பார்க்கவில்லை.

“நாலு பன்னிரண்டுக்கு?”

“அம்பு திரும்பிச்சும்மா. கதவு தொறக்க ஆரம்பிச்சிச்சு.”

“அதைப் பார்த்தீங்க?”

“பாத்தேன்.”

“என்ன செய்தீங்க?”

“ஒண்ணும் செய்யல.”

கூடம் சலசலத்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “கதவு திறக்குது, கடல் உள்ளே வருது, கைப்பிடி உங்க கையெட்டுற தூரத்துல இருக்கு. ஏன் மாத்தலை?”

“தெக்க அக்கா இருக்காவ. அங்க யாரோ தப்பாத் தொட்டுட்டாவன்னு தெரிஞ்சிச்சு. அக்கா தொட்டிருக்க மாட்டாவ. அப்போ அக்காவே அத எடுத்திருவாவ. அந்த நேரம் பாத்து நானும் கைய வச்சா…” அவர் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று மோதிக் காட்டி விரித்தார். “தெனமும் காலைல நான் போடுதேன், அவிய எடுக்காவ. ஒருநாளும் அவிய நேரம் தப்புனதில்ல. கைய ரெண்டும் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டு எண்ணிக்கிட்டு நின்னேன். நாப்பது எண்ணுனேன். அம்பு திரும்பிச்சு.”

“எண்ணும்போது பயமா இல்லையா?”

“எங்க வீடு கெடங்குத் தெருவுலதாம்மா. பிள்ளைய ரெண்டும் வீட்டுலதான் இருந்துச்சு.”

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அன்று வடக்கும் பதறிக் கைப்பிடியை மாற்றியிருந்தால், அதே நிமிடம் அமலோற்பவம் எடுத்திருந்தால், இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று அடித்திருக்கும். கதவு திறந்துகொண்டே போயிருக்கும். இரண்டு பேரும் சரியானதையே செய்திருப்பார்கள். ஊர் போயிருக்கும். என் கதவு அன்று மூடியது என் வடிவமைப்பால் அல்ல. ஒருவரையொருவர் பார்த்திராத இரண்டு பேர், முறை வைத்துக் கையைக் கட்டிக்கொண்டதால் மூடியது. அந்த இரண்டு பேரையும் மந்தமானவர்கள் என்று எழுதியவன் நான். அதற்கு வெட்கப்பட்டேன். அவர்கள் என் கதவில் நின்றார்கள் என்பதில் எனக்கு வந்த பெருமையோ, கதவு கட்டிய நாளில்கூட வந்ததில்லை.

வெளியே வராந்தாவில் அமலோற்பவம் இசக்கிமுத்துவை மறித்தார்.

“ஏலே, நீயா வடக்கு? ஒன்பது வருசமா அண்ணாச்சி அண்ணாச்சின்னேனே, ஒரு நாளாவது சொன்னியா?”

“ரெண்டு வார்த்தைக்கு மேல பேசத் தெரியாத மந்தம்னு சாரே குறிப்பெழுதி வச்சிருக்காவளே யக்கா” என்றார் அவர், என்னைப் பார்க்காமல். அமலோற்பவம் அவர் நெற்றித் தழும்பைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு பேரும் அழுதார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

என் பதவி போனது, ஓய்வூதியத்திலும் வெட்டு விழுந்தது. வேண்டியதுதான். தெற்குக் கோபுரத்துக்குள் நுழையவும் எனக்கு அனுமதி இல்லை. ஆனால் சுவரின் மேல் நடக்க யாருக்கும் தடையில்லை. அமலோற்பவம் வேலைக்குத் திரும்பிய அன்று காலை, ஆறு மணிக்கு முன்பே கோபுரத்தின் அடியில் போய் நின்றேன். மேலே சன்னல் திறந்திருந்தது, போன் ஸ்பீக்கரின் குரல் கீழே கேட்டது.

“போட்டாச்சு, யக்கா.”

தூரத்தில் கதவு ஒரு சாண் நகர்ந்திருக்கும், இங்கிருந்து தெரியாது.

“எடுத்தாச்சு, தம்பி.”

கதவு திரும்பிப் போயிருக்கும். பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்து, “என்ன பாக்கீய?” என்றார். பழக்க தோஷம், வாய் திறந்துவிட்டது.

“மேலே இருக்காங்களே, அந்த அம்மாவை எனக்குத் தெரியும்” என்றேன்.